வெள்ளையாக விட்ட இருபத்து மூன்று கிளைகள்

விஜயகலா டீச்சர் எங்கள் பாடசாலைக்கு வந்து பத்து வருடம் நிறைகிறது. ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி அதிபர் என்னைக் கேட்டார். "நீங்க கூடப் பொறந்தவரு. ஒங்களவிட யாருக்குத் தெரியும்?" என்றார். எழுதியதை நான் அவளிடம் காட்டவில்லை. காட்டினால் அவளைப் பற்றிய பாதியையும், என்னைப் பற்றிய முழுவதையும் வெட்டிவிடுவாள்.

நான் முத்துவீரன். கஹவத்தைக்கு மேலே இந்தத் தோட்டத்தில் பெயிண்ட் வேலை செய்பவன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் அப்பாவுக்குக் கால் வெட்டுப்பட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது, விஜயகலாவுக்கு நான்கு. நான் ஏழாம் வகுப்போடு நின்று தூரிகையைப் பிடித்தேன். அவள் நிற்கவில்லை. தோட்டத்தின் எங்கள் மேல் பிரிவிலிருந்து விஞ்ஞானத் துறையில் உயர்தரம் எழுதிச் சித்தியடைந்த முதல் பிள்ளை அவள்தான். மூன்று வருடம் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். இருபத்து மூன்றாவது வயதில் ஆசிரியர் நியமனம் வந்தது. கடிதம் வந்த நாள், நேரம், கொண்டுவந்த தபால்காரர் பெயர் எல்லாம் என் கொப்பியில் இருக்கிறது.

அந்தக் கொப்பி எனக்கு ஒரு பழக்கம். எந்த வேலையை எப்போது தொடங்கினேன், எப்போது முடித்தேன், எத்தனை பூச்சு என்று எழுதிவைப்பேன். நூல் பிடிக்காமல் நான் கோடு போட்டதில்லை. தோட்டத்துக்குப் பெரிய தொரை வருகிறார், கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே என்னைத் தேடுவார்கள். தொழிலாளர் லயத்துச் சுவருக்கு மஞ்சள், கழிவறைக் கதவுக்குப் பச்சை, பாலத்துக் கைப்பிடிக்குச் சிவப்பு. எதுவானாலும் என் கையில் முதல் பூச்சு சுண்ணாம்பு வெள்ளைதான். அது காய்ந்த பிறகுதான் நிறம். வெள்ளையோடு நிற்கிற வேலை பாதி வேலை. இருபத்தொன்பது வருடமாக என் கைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதனால் வந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

என் தங்கை விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவளிடம் ஒரு கேள்வி உண்டு: "எப்படித் தெரியும்?" மழை வரும் என்று ஒரு பிள்ளை சொன்னால், "எப்படித் தெரியும்?" தேயிலைச் செடிக்கு நூறு வயது என்றால், "எப்படித் தெரியும்?" பிள்ளைகள் அவள் இல்லாத இடத்தில் அவளை 'எப்படித்தெரியும் டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். வீட்டிலும் அப்படியே. குழம்பில் உப்பு சரி என்று நான் சொன்னால், "ருசி பாக்காம எப்படித் தெரியும் அண்ணே?" என்பாள்.

சென்ற வருடம் சித்திரை விடுமுறை முடிந்து வந்ததும் எட்டாம் வகுப்புக்கு முருகைக் கற்பாறைப் பாடம். பவளப் பாறை என்றும் சொல்வார்களே, அதுதான். படத்தைக் காட்டியதும் கிருஷாந்த் என்ற பையன் எழுந்து, "டீச்சர், கடலையே பாக்காதவங்களுக்கு இந்தக் கல்லு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறான். பதினான்கு பிள்ளைகளில் கடலைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்.

"நம்ம ஓடைத் தண்ணி எங்க போகுது?" என்று இவள் கேட்டாள்.

"வே கங்கைக்கு டீச்சர்."

"அங்கேருந்து?"

"களு கங்கைக்கு."

"அப்புறம்?"

தனுஜா என்ற பிள்ளை மட்டும் கை தூக்கினாள். "களுத்துறையில கடலுக்குப் போயிருது டீச்சர்."

"அப்ப ஓடை கடலப் பாத்திருச்சு. நாமதான் பாக்கல்ல" என்றான் கிருஷாந்த். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் வேலை தொடங்கியது என்று விஜயகலா அன்றைக்கு வீட்டில் சொன்னாள்.

அந்தப் பாறை பார்ப்பதற்குத்தான் கல். உண்மையில் கோடிக்கணக்கான சிறிய உயிர்கள் கட்டிய வீடு. கடல் சூடானால் அது நிறம் இழந்து வெளுத்துவிடும். சேறு வந்து மூடினால் மூச்சு முட்டிச் சாகும். செத்தால் மிஞ்சுவது வெள்ளை எலும்பு. இதைப் படித்ததும் பிள்ளைகள், எங்கள் மலைச் சேறு போய்த்தான் அது சாகிறதா என்று கேட்டார்கள். "அவ்வளவு தூரம் போய்ப் படியுதான்னு நம்மால சொல்ல ஏலாது. இங்கேருந்து எவ்வளவு போகுதுன்னு அளக்கலாம்" என்றாள் இவள்.

அளந்தார்கள். வைகாசி மழை தொடங்கியதிலிருந்து அறுபது நாட்கள். காலை ஏழேகாலுக்குப் பாடசாலைக்குக் கீழே உள்ள சிறு பாலத்தடியில் ஒரு ஜாம் போத்தலில் ஓடைத் தண்ணீரைப் பிடிப்பது. அடுத்த நாள் காலை வரை அசையாமல் வைப்பது. அடியில் படிந்த சேற்றை அடிமட்டத்தால் அளந்து எழுதுவது. ஞாயிற்றுக்கிழமையும் முறை வைத்துப் போனார்கள். அட்டைக்கடியோடு போனார்கள். கொப்பி தனுஜாவின் பொறுப்பு. ஒரு நாள் கிருஷாந்த் போத்தலைக் கைதவறி உடைத்துவிட்டு, "நேத்து அளவையே போடேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சியிருக்கிறான். அவள் அந்த நாளுக்கு நேரே 'போத்தல் உடைந்தது, அளக்கவில்லை' என்று எழுதி, அறுபதை நிறைவாக்க இன்னொரு நாள் கூட்டினாள்.

கைவேலை அதற்குப் பிறகு வந்தது. அந்த நேரம் எங்கள் மலையில் கவ்வாத்து வெட்டு. வெட்டிய தேயிலைக் கிளைகளைப் பெண்கள் விறகுக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். தனுஜா தன் அம்மாவின் கட்டிலிருந்து ஒரு கிளையை உருவிப் பாடப்புத்தகத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாளாம். அதே கவடு, அதே முடிச்சு. பிறகு என்ன, ஒரு சாண் அளவுக்கு வெட்டி, பட்டை உரித்து, பத்திரிகைத் தாளை ஊறவைத்து அரைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்து, ஒரு நாளுக்கு ஒரு கிளை என்று அறுபது கிளைகள் செய்தார்கள். சேறு மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்த நாளின் கிளைக்கு நிறம். மூன்றும் அதற்கு மேலும் என்றால் வெள்ளையாகவே விடுவது. ஒவ்வொன்றிலும் திகதியும் அளவும் எழுதிய சிறு அட்டை. முப்பத்தேழு நிறம், இருபத்து மூன்று வெள்ளை. பார்க்கிற யாரும் கொப்பியைத் திறக்காமலே அந்த அறுபது நாளையும் படித்துவிடலாம்.

இதையெல்லாம் இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரியாது என்பதும் சரியில்லை. விஜயகலா சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதில் நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: வலயக் கல்வி அலுவலகத்தின் கண்காட்சி. அதில் முதலிடம் வரும் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு நாள் ஹிக்கடுவைக்கு அழைத்துப்போய், அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏற்றிப் பாறையைக் காட்டுவார்கள். என் தங்கையின் பிள்ளைகள் முதலிடம் வரவேண்டும். தோட்டத்துப் பாடசாலையின் பெயர் டவுனில் கேட்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் காதில் விழுந்தது.

கண்காட்சி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனி, ஞாயிறு அவளுக்கு இரத்தினபுரியில் ஆசிரியர் கருத்தரங்கு. வகுப்பறைச் சாவியை என்னிடம் தந்து, "அண்ணே, கிளையெல்லாம் ஒடையாமப் பெட்டியில அடுக்கி வச்சிருங்க. திங்கக்கெழம லொறியில நீங்களே கொண்டு போயிருங்க. வைக்கிற ஒழுங்கு இந்தத் தாள்ல இருக்கு" என்றாள்.

சனிக்கிழமை அடுக்கத்தான் போனேன். மேசையில் பரப்பியிருந்ததைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிடமே பதறியது. இவ்வளவு அழகான வேலையில் இருபத்து மூன்று கிளைகள் முதல் பூச்சோடு நிற்கின்றன. பெயிண்ட் தீர்ந்திருக்கும், நேரம் போதாமல் போயிருக்கும், கேட்க வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். அட்டைகளைப் பார்த்தேன். 12/6 – 5 மி.மீ., 13/6 – 7 மி.மீ. என்று இருந்தது. கிளையின் தடிப்பு என்று நினைத்தேன். அவளிடம் தொலைபேசி இருந்தது. என்னிடமும் இருந்தது.

நேரே கஹவத்தைக்கு இறங்கி ஜவ்பர் நானாவின் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"என்ன முத்துவீரன், மறுபடியும் தொர வாராரா?" என்றார்.

"இல்ல நானா, தங்கச்சியோட கண்காட்சி. கடல் நெறம் வேணும்."

"கடலுக்கு என்ன நெறம்? இந்தா, டின்னெல்லாம் அடியில மிச்சம் கெடக்கு. புள்ளைகளுக்குத்தானே, எடுத்துக்கிட்டுப் போ."

அன்று பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வேலை செய்தேன். அட்டைகளை அவிழ்த்து, வரிசை மாறாமல் வைத்து, காய்ந்த பிறகு அதனதன் கிளையிலேயே கட்டினேன். மூன்று நீலம், இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள் என்று வரிசையாக மாற்றி மாற்றி அடித்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. பிள்ளைகள் அடித்த நிறங்களுக்குப் பக்கத்தில் என்னுடையவை மினுங்கின. கொப்பியில் எழுதினேன்: 'இருபத்து மூன்று கிளை. ஒரு பூச்சு. முடிந்தது.'

திங்கட்கிழமை விடிந்ததும் லொறியில் போய்விட்டேன். பிள்ளைகளும் டீச்சரும் ஏழு மணி பஸ்ஸில் வர இருந்தார்கள். பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. நான் தாளைப் பார்த்து எல்லாவற்றையும் அடுக்கினேன். பிள்ளைகள் வந்து பார்த்துத் துள்ள வேண்டும் என்று மேலே ஒரு கட்டில் விரிப்பைப் போட்டு மூடினேன். பக்கத்து மேசைச் சிங்கள டீச்சர் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, "ஹரி ஷோக் அய்யே!" என்று பாராட்டினார். இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

நடுவர் முஹ்ஸின் சேர் எங்கள் மேசைக்கு வந்து நின்ற அதே நேரம் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முழங்கால் வரை சேறு. தனுஜா கொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். பின்னால் மூச்சு வாங்க விஜயகலா.

நான்தான் விரிப்பை இழுத்தேன்.

தனுஜா அப்போது நடுவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையைப் பார்க்கவில்லை. மனப்பாடம் செய்ததைத் தொடங்கினாள். "இது எங்கள் ஓடையின் அறுபது நாட்கள். நிறமாக இருப்பவை சேறு குறைந்த நாட்கள். வெள்ளையாக இருப்பவை…" என்று கையை நீட்டித் திரும்பினாள். கை அப்படியே நின்றது.

"சொல்லுங்க மகள். வெள்ள எங்க?"

அவள் மேசையைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். "இருபத்திமூணு இருந்துச்சு சேர்."

அவர் கொப்பியை எட்டிப் பார்த்தார். "கொப்பில இருபத்திமூணு ஈக்கிது. மேசைல ஒண்டும் இல்லையே." அவர் ஒரு நீலக் கிளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இது புள்ளைகள்ட கையா? நல்லாப் பழகின கை. பெரியவங்க கை வைக்கப்படாது எண்டு விதி ஈக்கிதுதானே? நீங்கதான் செஞ்சது எண்டு பொய் சொல்ல வேணாம் மகள்."

"நாங்கதான் சேர் செஞ்சோம். வெள்ளையாத்தான் செஞ்சோம்" என்றாள் தனுஜா.

அவர் விஜயகலாவிடம் திரும்பினார். "டீச்சர், நீங்க அடிச்சீங்களா?"

விஜயகலா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் அந்தக் கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். நான்காக மடித்தேன். மூலையோடு மூலை சேரவில்லை என்று உதறி மறுபடியும் மடித்தேன். 'நான்தான் சேர்' என்பது இரண்டே சொல். சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் படித்தவர்கள், சிலர் சிங்கள டீச்சர்மார். சற்று முன் என்னைப் பாராட்டியவர் அங்கேயே நின்றார். அவர்கள் முன்னால் ஒரு முட்டாள் பெயிண்ட்காரனாக நிற்க என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிள்ளையைப் பொய்க்காரியாக நிற்க விட்டேன்.

"பொறுப்பு என்னோடது சேர்" என்றாள் என் தங்கை.

அவர் மதிப்பெண் தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். முதலிடம் வேறொரு பாடசாலைக்குப் போனது.

திரும்பும்போது விஜயகலா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, பெட்டியப் பாத்து ஏத்துங்க." வீட்டிலும் வழக்கம்போல் சோறு போட்டாள். குழம்பில் உப்பு கூடியிருந்தது. நான் சரி என்றேன். அவள் "எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை. இரண்டு நாள் அப்படிப் போனது. அவள் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லித் தப்பியிருப்பேன். ஒன்றைத்தான் கேட்டாள், புதன்கிழமை காலை, குடையை எடுத்துக்கொண்டே.

"அது முடிக்காத வேலைன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து நானும் பாடசாலைக்குப் போனேன்.

எட்டாம் வகுப்பு வாசலில் நின்று, "புள்ளைகளா, பெயிண்ட் அடிச்சது நான்தான். ஒங்க டீச்சர் இல்ல" என்றேன். அந்த வகுப்பறைச் சுவருக்கு மூன்று தடவை நிறம் அடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது அவ்வளவு நீளமாகத் தெரிந்தது.

"எங்களுக்குத் தெரியும் மாமா. அந்த நீலம், ஒங்க சட்டையில இருக்கே" என்றான் கிருஷாந்த். சில பிள்ளைகள் சிரித்தார்கள். தனுஜா சிரிக்கவில்லை.

"ஏன் அன்னைக்கு அந்த சேர்கிட்ட சொல்லல்ல மாமா?"

நான் சட்டையில் இருந்த நீலத்தை நகத்தால் சுரண்டினேன்.

"பயமா இருந்துச்சா?"

"பயமில்லம்மா. வெக்கமா இருந்துச்சு."

"எனக்கும்தான் வெக்கமா இருந்துச்சு. நான் ஒண்ணுமே செய்யல்லையே."

விஜயகலா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. எனக்காக ஒரு சொல்லும் பேசவில்லை. அது சரி என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன்: எந்தத் திகதியில், எத்தனை கிளைக்கு, யாரும் கேட்காமல் நான் பெயிண்ட் அடித்தேன், டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் அது தெரியாது. முஹ்ஸின் சேர் இரண்டு தடவை படித்தார்.

"அப்ப டீச்சர் ஏன் தன்ட பொறுப்பு எண்டு சொன்ன?"

"என் தங்கச்சி சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முடிவு போய்ட்டு. அத மாத்த ஏலாது. ஆனா இதத் தாளோட சேத்து வெப்பேன். அந்த மகள்ட கொப்பிய அனுப்புங்க, நான் படிக்கோணும். நானும் ஒரு சொல்லுக் கேக்காம அந்தப் புள்ளைக்குப் பொய் எண்டு சொல்லிட்டேன்."

கொப்பி ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையால் எழுதியிருந்தார்: 'அறுபது நாட்களும் பார்த்தேன். போத்தல் உடைந்த நாளையும் பார்த்தேன். இந்த மாணவி சொன்னது உண்மை. நான் சொன்னது பிழை.' தனுஜா அதை வகுப்பில் இரண்டு தடவை வாசித்தாளாம். ஹிக்கடுவைக்கு வேறு பிள்ளைகள் போனார்கள். எங்கள் வகுப்பில் கடலைப் பார்க்காத பன்னிரண்டு பிள்ளைகளும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் பார்க்கவில்லை.

பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். தாள் கூழோடு சேர்ந்து உரிந்தது. நான் அடித்தது அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக் கிளைகள் வெட்டி, பட்டை உரித்துக் கொடுத்தேன். கூழ் பூசுவதைப் பிள்ளைகளே செய்தார்கள். சுண்ணாம்பு அடிக்க மட்டும் தனுஜா என்னை அனுமதித்தாள், பக்கத்தில் நின்று. இருபத்து மூன்றாவது கிளைக்கு அடித்து முடித்ததும் பழக்கத்தில் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டேன், "இனி என்ன செய்யணும் தனுஜா?"

"அவ்வளவுதான் மாமா. கைய எடுங்க."

எடுத்தேன்.

அந்த அறுபது கிளைகளும் இப்போது விஞ்ஞான அறை அலுமாரியில் இருக்கின்றன. பக்கத்தில் கொப்பி. அதில் 'பாறைக்கு வரும் சேதங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. ஒன்று, கடல் சூடாதல். இரண்டு, சேறு மூடுதல். மூன்றாவதை அதற்குப் பிறகு தனுஜா சேர்த்தாள்: 'கேட்காமல் பெயிண்ட் அடித்தல். சேதம்: 23. செய்தவர்: முத்துவீரன் மாமா.' பக்கத்தில் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தாள். விஜயகலா பேனாவை நீட்டினாள். நான் திகதியும் சேர்த்துக் கையொப்பமிட்டேன்.